ஒரு படம், ஐந்து ஒலித்தடம், இரண்டு செயலி: ஆர்ஆர்ஆர் வெளியீட்டில் நடந்தது என்ன?

2022 ஜூன் மாதம். எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து சிமெண்ட் மூட்டைகள் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிகாரிலிருந்து வந்த கொத்தனார். இன்னொருவர் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த கம்பி கட்டுகிற பையன். ஓடிக்கொண்டிருந்தது ஆர்ஆர்ஆர். கேட்டது இந்தி.

"உனக்கு இந்தி புரியுமா தம்பி?" என்றேன்.

"நேத்து நான் தமிழ்ல பாத்துட்டேன் அண்ணா. இன்னைக்கு அண்ணன் முறை" என்று சொல்லிக்கொண்டே திரையைத் தொட்டான். மேல் ஓரத்தில் இருந்த ஹெட்போன் குறியை அழுத்தியதும் ஐந்து வரிகள் விரிந்தன. தெலுங்கு, தமிழ், இந்தி, கன்னடம், மலையாளம். தமிழைத் தொட்டான். படம் நிற்கவில்லை, வாய் அசைந்துகொண்டிருக்கும்போதே பாதி வசனத்தில் இந்தி போய்த் தமிழ் வந்தது. மறுபடி தொட்டு இந்திக்குக் கொண்டுவந்து பெரியவரிடம் போனைக் கொடுத்தான்.

டப்பிங் ஒலிப்பதிவில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன். அந்தத் தமிழ் ஒலி திரையரங்கில் யாரோ பாக்கெட்டில் போனை வைத்து எடுத்ததில்லை என்பது ரெண்டு வசனத்திலேயே தெரிந்துவிட்டது. பின்னணி இசை அமுங்கவில்லை, மூச்சு சத்தம் வரை சுத்தமாக இருந்தது. திருட்டுப் பிரதிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைய தேதியில் அந்த ஐந்து வரிப் பட்டியலைக் காசு கொடுத்து வாங்க எந்தக் கடையும் கிடையாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

படத்தை மொழிவாரியாக அறுத்த கதை

எஸ்.எஸ். ராஜமௌலியின் ஆர்ஆர்ஆர் 2022 மார்ச் 25-ம் தேதி தெலுங்கிலும், தமிழ், இந்தி, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிமாற்று வடிவங்களிலும் ஒரே நாளில் திரைக்கு வந்தது. தமிழில் அதன் பெயர் விரிவு 'ரத்தம் ரணம் ரௌத்திரம்'. தமிழ்நாட்டு வெளியீடு லைகா. தமிழ் வசனம் மதன் கார்க்கி. இந்தி வடிவத்தில் ராம் சரணும் ஜூனியர் என்டிஆரும் தாங்களே பேசினார்கள். படத்தின் அந்தப் பெரிய ஆட்டப் பாட்டுக்குக்கூட ஐந்து மொழியிலும் தனித்தனியாக வரிகள் எழுதப்பட்டன: தெலுங்கில் 'நாட்டு நாட்டு', தமிழில் 'நாட்டுக் கூத்து', இந்தியில் 'நாச்சோ நாச்சோ', கன்னடத்தில் 'ஹள்ளி நாட்டு', மலையாளத்தில் 'கரிந்தோள்'. மொழிமாற்றம் என்றால் கடைசி நேரத்தில் நாலு பேரை உட்காரவைத்துப் பேச வைப்பது என்று ஒரு காலத்தில் இருந்தது. இந்தப் படத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனி உழைப்பு போட்டிருந்தார்கள்.

திரையரங்கில் ஐந்து மொழியும் ஒரே நாளில் வந்தன. அதன் பிறகு வருகிற ஓடிடி உரிமை, படம் வெளியாவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே, 2021 மே மாதத்தில் பேசி முடிந்திருந்தது. உரிமைகளை மொத்தமாக வாங்கியிருந்த பென் ஸ்டுடியோஸ் அதை மொழிவாரியாகப் பிரித்தது. தெலுங்கு, தமிழ், கன்னடம், மலையாளம் ஆகிய நான்கும் ஜீ5-க்கு. இந்தியும் அதனோடு சில வெளிநாட்டு மொழிகளும் நெட்ஃபிளிக்ஸுக்கு. தொலைக்காட்சி உரிமையும் இதே மாதிரி மொழி மொழியாகப் பல சேனல்களுக்குப் போனது.

வியாபாரக் கணக்கில் இதைக் குறை சொல்ல முடியாது. கொரோனாவால் தேதி தள்ளித் தள்ளிப் போய், வட்டி ஏறிக்கொண்டிருந்த ஒரு பிரம்மாண்டமான படம். ஒரே ஆளிடம் ஐந்து மொழியையும் விற்பதைவிட இரண்டு பேரிடம் பிரித்து விற்றால் கூடுதல் பணம் வரும். நம் ஊரில் மொழிதான் எப்போதுமே ஏரியா மாதிரி. வட ஆற்காடு, செங்கல்பட்டு, கோவை என்று விநியோகம் பிரிப்பதுபோலத்தான் தெலுங்கு உரிமை, இந்தி உரிமை என்று பிரிப்பதும். ஏரியாவுக்கு எல்லைக்கல் உண்டு. கோவைக்காரர் தன் படப்பெட்டியை மதுரையில் ஓட்ட முடியாது. ஆனால் மொழிக்கு அப்படி ஒரு கல்லை எங்கே நடுவது? கொத்தனார் சென்னையில் இருக்கிறார், அவர் கேட்க விரும்புவது இந்தி. ஓசூரில் ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கும் மருமகள் தமிழும் பேரன் கன்னடமும் கேட்கிறார்கள்.

திரையரங்கு வெளியீட்டிலிருந்து சரியாக 56-ம் நாள், மே 20 அன்று, இரண்டு செயலிகளிலும் படம் வந்தது. ஜீ5 முதலில் தனிக் கட்டணம் என்று அறிவித்து, பார்வையாளர்கள் சத்தம் போட்ட பிறகு சந்தாதாரர் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸில் இந்தி. அங்கேதான் கதை யாரும் எதிர்பார்க்காத திசையில் போனது. மேற்கு நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தப் படத்தை முதன்முதலில் கண்டுபிடித்தது நெட்ஃபிளிக்ஸ் வழியாக, அதாவது இந்தி டப்பிங் வழியாக. ஆங்கிலமல்லாத படங்களின் உலகப் பட்டியலில் அது வாரக்கணக்கில் நின்றது. அமெரிக்காவில் ஜூன் 1-ம் தேதி ஒரு நாள் மறுவெளியீடாகத் தெலுங்கில் திரையிட்டபோதுதான் பலர் மூலக் குரலைக் கேட்டார்கள். நெட்ஃபிளிக்ஸில் இந்தி வடிவம் மட்டும் இருப்பதில் தனக்குக் கோபம் உண்டு என்று ராஜமௌலியே அந்தச் சமயத்தில் ஓர் உரையாடலில் சொன்னார். 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது தெலுங்குப் பாட்டு. நெட்ஃபிளிக்ஸில் படம் பார்த்தவர்கள் கேட்டிருந்தது 'நாச்சோ நாச்சோ'.

இந்தப் பிரிவினை எந்தத் தொழில்நுட்பக் காரணத்தாலும் வந்ததில்லை. ஐந்து ஒலியையும் ஒரே படத்தின் மேல் வைப்பது அன்றைக்கு ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவு சுலபம் என்று சொல்கிறேன்.

ஒலி படத்தை விட்டுப் பிரிந்த வழி

பழைய பிலிம் பெட்டியில் ஒலி படச்சுருளின் ஓரத்திலேயே ஒரு மெல்லிய கோடாக அச்சாகியிருக்கும். மொழி மாற வேண்டுமானால் முழுப் பிரதியையும் புதிதாக அச்சடிக்க வேண்டும். ஒலி படத்தை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தது 1993-ல், ஜுராசிக் பார்க் படத்தோடு அறிமுகமான டிடிஎஸ் முறையில். சுருளில் நேரக்குறி மட்டும் இருக்கும். ஒலி தனியாகக் குறுவட்டில் இருக்கும். வட்டை மாற்றினால் மொழி மாறும். ஆபரேட்டர் அறையில் பார்த்தவர்களுக்கு அந்த ஆச்சரியம் மறக்காது.

வீட்டுப் பக்கம் விசிடி வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு ஸ்டீரியோ தடம். ஹாங்காங்கில் அதையே இரண்டாக்கி, இடது பக்கம் கேன்டனீஸ், வலது பக்கம் மாண்டரின் என்று விற்றார்கள். பட்டனை அழுத்தி ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இரண்டு மொழியும் ஒன்றாகப் பேசும். டிவிடி எட்டு ஒலித்தடம் வரை இடம் கொடுத்தது. ஆனால் பர்மா பஜாரில் அறுபது, எழுபது ரூபாய்க்கு விற்ற தட்டில் மூன்று படத்தைத் திணிக்கிற அவசரத்தில் யாரும் இரண்டாவது மொழிக்கு இடம் ஒதுக்கவில்லை.

2002 டிசம்பரில் வந்த மட்ரோஸ்கா என்ற திறந்த கோப்பு வடிவம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. எம்கேவி என்று கோப்புப் பெயர் கடைசியில் பார்த்திருப்பீர்கள். பொம்மைக்குள் பொம்மை வைக்கிற ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து வந்தது. ஒரு பெட்டிக்குள் படம் ஒன்று, ஒலித்தடம் எத்தனை வேண்டுமானாலும், சப்டைட்டில் என்கிற வசனவரி எத்தனை வேண்டுமானாலும். எம்கேவி தன்னளவில் நல்ல கருவிதான், நாங்கள் ஸ்டுடியோவில் தினமும் பயன்படுத்துகிறோம். இதை முதலில் முழுசாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தியது திருட்டுப் பக்கம் என்பதுதான் வருத்தம்.

கணக்கைப் பாருங்கள். மூன்று மணி நேரப் படம். போனுக்குப் போதுமான 128 கிலோபிட் ஸ்டீரியோ ஒலி ஒரு மொழிக்குச் சுமார் 170 எம்பி ஆகும். படம் மட்டும் இரண்டு, இரண்டரை ஜிபி. நாலு மொழியைக் கூடுதலாகச் சேர்த்தாலும் ஏறுவது 700 எம்பிக்குள்தான். மொழிக்கு ஒரு கோப்பு என்று ஐந்து கோப்பு வைத்தால் சுமார் பதினொன்றிலிருந்து பதின்மூன்று ஜிபி வரை போகும். திருடுபவனுக்கு இடமும் மிச்சம், வேலையும் மிச்சம். ஒரே இணைப்பு ஐந்து மாநிலத்துக்கும் போகும்.

இதே கணக்கு சட்டபூர்வமான பக்கத்திலும் உண்டு. திரையரங்குக்குப் போகிற டிஜிட்டல் சினிமா தொகுப்பில் படம் வினாடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். மூன்று மணி நேரத்துக்கு அதிகபட்சம் 330 ஜிபிக்கு மேல். 5.1 ஒலி, அதாவது ஆறு தடங்களாகப் பிரிந்து சுற்றிலும் கேட்கிற ஒலி, எந்தச் சுருக்கமும் இல்லாமல், ஒரு மொழிக்குச் சுமார் 9 ஜிபி. அதனால்தான் படத்தை ஒரு தடவை அனுப்பிவிட்டு, மொழிக்கு மொழி மாறுகிற ஒலியையும் தலைப்பு, தணிக்கைச் சான்றிதழ் வருகிற துண்டுகளையும் மட்டும் தனியாக அனுப்புகிற முறை வந்தது. எந்தப் படத்தின் மேல் எந்த ஒலி என்று சொல்வது ஒரு சின்னப் பட்டியல் கோப்பு. பூட்டைத் திறப்பது கேடிஎம் என்கிற சாவி. எந்தத் திரையில், எந்த வடிவம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதை அந்தச் சாவி தீர்மானிக்கும். "கேடிஎம் வரலையாம், காலைக் காட்சி இல்ல" என்று வாசலில் நின்று கேட்டவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல.

ஆக இரண்டு பக்கமும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. படம் கனம், ஒலி லேசு. லேசானதை எத்தனை மொழிக்கு வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம்.

முதல் நாள் நடப்பது

ஐந்து மொழியில் ஒரே நாளில் வெளியானால் பாதுகாக்க வேண்டிய வேலி ஐந்து மடங்கு நீளமாகிறது. படத்தின் பிம்பம் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்பதால் எங்காவது ஒரு திரையில் ஒருவன் நன்றாக எடுத்துவிட்டால் போதும். அதன் மேல் தமிழ்நாட்டில் எடுத்த தமிழ் ஒலி, பெங்களூரில் எடுத்த கன்னட ஒலி என்று ஏற்றிவிடலாம். ஒலி எடுக்கத் தூக்கிப் பிடித்த கேமரா தேவையில்லை. சட்டைப் பையில் இருக்கிற போன் எதையும் காட்டிக்கொடுக்காது. விளக்கு அடித்துக்கொண்டு வரிசையாக நடக்கிற ஊழியர் திரையை நோக்கிய கேமராவைத்தான் தேடுவார்.

அடுத்த வேலை ஒலியையும் படத்தையும் பொருத்துவது. எங்கள் பாஷையில் சிங்க். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. திரையரங்கில் படம் வினாடிக்கு 24 பிம்பம் ஓடுகிறது. வீட்டுத் திரைக்கான பல கோப்புகள் 23.976-ல் இருக்கும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதல் ரீலில் காதுக்குத் தெரியாது. நீட்டிக்கொண்டே போனால் மூன்று மணி நேர முடிவில் கிட்டத்தட்ட 11 வினாடி விலகிவிடும். கதாநாயகன் அடித்து முடித்து வேறு காட்சி வந்த பிறகு அடி சத்தம் கேட்கும். நாங்கள் சரிசெய்கிற விதம் எளிது. கதவு அறைவது, துப்பாக்கி வெடிப்பது மாதிரி ஒலி வரைபடத்தில் ஊசி போல எழும்புகிற இடத்தைப் பிடிப்போம். அந்த ஊசி படத்தில் எந்தப் பிம்பத்தில் வருகிறது என்று பார்ப்போம். முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. மூன்றும் நேர்கோட்டில் விலகினால் வேகம் தப்பு. திடீரென்று ஓர் இடத்தில் விலகினால் அங்கே தணிக்கையிலோ இடைவேளையிலோ ஒரு வெட்டு இருக்கிறது. ஆறேழு பேர் உட்கார்ந்து இரவெல்லாம் செய்து பழகிய இந்த வேலையை, பெயர் தெரியாத யாரோ எங்கோ உட்கார்ந்து முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஐந்து மொழிக்கும் செய்துவிடுகிறார்கள். அந்தத் திறமை இந்தப் பக்கம் சம்பளத்துக்கு வந்திருக்க வேண்டியது.

கண்காணிப்புக் குறி என்று ஒன்று உண்டு. திரையரங்கின் சர்வர் படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத அடையாளத்தைப் பதித்துக்கொண்டே ஓடும். எந்தக் கருவி, எந்த நேரம் என்பது அதில் இருக்கும். பாகுபலியின் இரண்டாம் பாகம் வந்த சமயத்தில், 2017 மே மாதம், பிரதியை வைத்துக்கொண்டு தயாரிப்பாளரிடம் பணம் கேட்டு மிரட்டிய ஆறு பேரை ஹைதராபாத் காவல்துறை பிடித்தது. பிரதி எங்கிருந்து போனது என்று தேடியபோது பிகாரின் பேகுசராயில் ஒரு திரையரங்கு வரை போய் நின்றது. தெலுங்குத் தயாரிப்பாளரின் படம், கசிந்த இடம் இந்தி பேசுகிற சிறு நகரம். பல மொழி வெளியீட்டின் நீண்ட வேலி இதுதான்.

குறி பிடித்துக்கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் கலந்து கட்டிய கோப்பில் படத்தின் குறி ஒரு ஊரையும் ஒலியின் குறி இன்னொரு ஊரையும் காட்டும். இரண்டு மாநிலம், இரண்டு காவல் நிலையம், இரண்டு வழக்கு. அதற்குள் கோப்பு ஊர் சுற்றி முடித்துவிடும்.

எட்டு வாரம் கழிந்து

மே 20-க்குப் பிறகு நிலைமை வேறு. இப்போது திரையரங்கில் எடுத்த மங்கல் பிரதிக்கு மதிப்பில்லை. ஜீ5-ல் நான்கு மொழியும் நெட்ஃபிளிக்ஸில் இந்தியும் சுத்தமான ஒலியாகக் கிடைத்தன. பூட்டை உடைத்து எடுப்பவர்கள் இரண்டையும் எடுத்து, தொடக்கத்தில் வருகிற நிறுவன முத்திரைகளின் சில வினாடி வித்தியாசத்தை நேர்செய்து, ஒரே பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். என் தெருவில் அந்தப் பையன் வைத்திருந்தது அப்படிச் சேர்த்த கோப்பு.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். மற்ற திருட்டில் திருடன் கொடுப்பது எப்போதும் மட்டமான சரக்கு. படம் ஆடும், பக்கத்து இருக்கைக்காரர் இருமுவார். விலை இல்லை என்பதற்காகப் பொறுத்துக்கொள்வார்கள். இந்த வழக்கில் கள்ளப் பிரதி சட்டபூர்வமான பிரதியைவிட முழுமையாக இருந்தது. ஐந்து மொழியும் ஓரிடத்தில் என்பது, படத்தை எடுத்தவர்களே விரும்பிய வடிவம். அதை அவர்கள் விற்கவில்லை.

பணம் கொடுக்க மனமில்லாதவர்கள் எப்போதும் உண்டு. அந்தக் கூட்டத்தை எந்த மொழி வசதியும் மாற்றாது. ஆனால் அவர்களோடு இன்னொரு கூட்டமும் ஒரே வரிசையில் நிற்கிறது. ஒரு சந்தா வைத்திருந்தும் தன் மொழி அடுத்த செயலியில் இருப்பதால் இங்கே வந்தவர்கள். 2024 அக்டோபரில் ஈஒய் என்ற ஆலோசனை நிறுவனமும் இணைய நிறுவனங்களின் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, 2023-ல் இந்தியாவின் திருட்டுப் பிரதிச் சந்தையை 22,400 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் 13,700 கோடி திரையரங்குப் படங்கள் வழி, 8,700 கோடி ஓடிடி வழி. காரணம் கேட்டபோது வந்த பதில்களில் அதிகக் கட்டணத்தோடு சேர்த்து, பல தளங்களின் சந்தாவைச் சமாளிக்க முடியாததும் வேண்டியது கிடைக்காததும் இருந்தன. இப்படிப்பட்ட பெரிய தொகைகள் எல்லாமே மதிப்பீடுதான், ரூபாய் ரூபாயாக எண்ணியது கிடையாது. இருந்தாலும் அந்தப் பதில்களை நான் நம்புகிறேன், ஏனென்றால் அதே பதிலை என் தெருவில் கேட்டேன்.

சட்டம் எட்டுகிற தூரம்

தமிழ்நாடு 2004-லேயே வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2018 நவம்பரில் 2.0 படம் வருவதற்கு முன் 12,000-க்கும் அதிகமான இணையதளங்களை முடக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, திரையரங்கில் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, மூன்று லட்சம் ரூபாயிலிருந்து தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் என்று வந்தது. இவை வேண்டியவைதான். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் திரையரங்கு ஒன்றில் ராயன் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். எடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர், திரையரங்கு கேரளத்தில். ஆனால் இந்த எல்லா ஆயுதமும் கொடுப்பவனைப் பார்த்து நீட்டியவை. கேட்பவன் ஏன் அங்கே போகிறான் என்ற கேள்விக்கு எந்தச் சட்டப் பிரிவும் பதில் சொல்லாது.

எதிர்த் திசையில் இரண்டு முயற்சி

2023 அக்டோபரில் லியோ வந்தபோது அதன் இந்தி வடிவம் தேசிய மல்டிபிளெக்ஸ் தொடர்களில் ஓடவில்லை. இந்திப் படம் என்றால் ஓடிடிக்கு எட்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. தமிழ்ப் படங்களுக்கு இங்கே நான்கு வாரம் வழக்கமாகியிருந்தது. ஒரே படம், இரண்டு மொழி, இரண்டு காத்திருப்புக் காலம். இந்திக்காரருக்கு நல்ல திரையரங்கில் படம் கிடைக்கவில்லை, போனில் திருட்டு இந்தி ஒலி முதல் நாளே கிடைத்தது.

மாறாக, 2024 டிசம்பர் 5-ல் வந்த புஷ்பா 2 தெலுங்கோடு இந்தி, தமிழ், கன்னடம், மலையாளம், வங்காளம் என்று வந்தது. அதோடு சினிடப்ஸ் என்ற செயலியும் அறிவிக்கப்பட்டது. வேண்டிய மொழியின் ஒலியை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். திரையரங்கில் உட்கார்ந்ததும் போனின் மைக் அரங்கத்தில் ஓடுகிற ஒலியைக் கேட்டு, படம் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, உங்கள் காதுக்குள் உங்கள் மொழியை அந்த இடத்திலிருந்து ஓட்டும். திருவள்ளூரில் தமிழ்க் காட்சிக்குப் போன ஒடிசாத் தொழிலாளி இந்தியில் கேட்கலாம்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. திருட்டுக்காரர்கள் சிங்க் பிடிக்கப் பயன்படுத்துகிற அதே உத்தி, ஒலியின் வடிவத்தை வைத்து நேரத்தைக் கண்டுபிடிக்கிற உத்தி, நேர்வழியில் வேலை செய்கிறது. குறைகள் இருக்கின்றன. அரங்கத்தின் சத்தம் இயர்போனைத் தாண்டி உள்ளே வரும். மொபைல் பேட்டரி வேண்டும். சரவுண்ட் ஒலியின் சுகம் பாதி போய்விடும். ஆனாலும் மொழி என்பது திரையரங்கு உரிமையாளர் முடிவு செய்வது என்ற நிலை போய், டிக்கெட் வாங்கியவர் முடிவு செய்வதாக மாறுகிறது.

தனி ஒலியை வெளியே விட்டால் திருடிவிடுவார்களே என்று தயாரிப்பாளர்கள் பயப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயம் நியாயமானதுதான். காது கேட்பதில் சிரமம் உள்ளவர்களுக்காக அரங்கில் தனியாகக் கொடுக்கிற ஒலி இணைப்பிலிருந்தே சுத்தமான ஒலியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பயத்தைக் காரணம் காட்டிக் கதவை மூடினால் முதலில் வெளியே நிற்பது யார் என்று யோசிக்க வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் பார்வையற்றவர்களுக்கான ஒலி விவரிப்பும் செவித்திறன் குறைந்தவர்களுக்கான வசனவரியும் திரையரங்கில் வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் சான்றிதழ் வாங்குகிற படங்களுக்குத்தான் முதல் கெடு. பார்வையற்ற ஒருவர் தன் போனில் விவரிப்பைக் கேட்பதும், ஒடிசாக்காரர் இந்தியைக் கேட்பதும் ஒரே தொழில்நுட்பம், ஒரே பாதை. திருட்டுப் பயத்தில் அந்தப் பாதையை அடைத்தால் அடைபடுவது இவர்கள் இருவரும். திருடனுக்கு வேறு வழி எப்போதும் இருக்கிறது.

டப்பிங்காரன் கணக்கு

எங்கள் பக்கத்து நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். டப்பிங் கலைஞருக்குப் பெரும்பாலும் ஒரே தடவைச் சம்பளம். படம் எத்தனை பேர் பார்த்தாலும் ராயல்டி என்று எதுவும் கை சேராது. அப்படியானால் திருட்டால் எங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். நஷ்டம் அடுத்த படத்தில் தெரியும். ஒரு மொழி வடிவத்துக்கு வருமானம் வரவில்லை என்று கணக்கு காட்டினால் முதலில் வெட்டுவது அந்த மொழியின் டப்பிங் செலவைத்தான். நாலு நாள் வேலை ரெண்டு நாளாகும். கூட்டத்தில் பேசுகிற குரல்களுக்குப் பத்துப் பேர் வந்த இடத்தில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் பேசுவார்கள். கேட்கிறவருக்கு "டப்பிங் படம் மாதிரி இருக்கு" என்று தோன்றும். அந்த வாக்கியத்தை நான் வெறுக்கிறேன்.

இன்னொரு பக்கம், அதிகாரபூர்வமான தமிழ் ஒலி இல்லாத ஹாலிவுட் படங்களுக்குச் சூதாட்ட நிறுவனங்களின் காசில் அரைகுறையாகத் தமிழ் பேசி, நடுநடுவே பந்தய விளம்பரம் வாசிக்கிற திருட்டுப் பிரதிகள் சில வருஷமாகச் சுற்றுகின்றன. தமிழில் கேட்க ஆசைப்பட்ட ஒரு பத்தாவது படிக்கிற பையனின் காதுக்குள் நேராகப் பந்தயக் கடையின் பெயர் போய் விழுகிறது. இடத்தைக் காலியாக விட்டால் யார் வந்து உட்காருவார்கள் என்பதற்கு இதைவிட மோசமான உதாரணம் எனக்குத் தெரியாது. குரலையே கணினி உருவாக்குகிற காலம் வந்துவிட்டது. யூடியூப் தானியங்கி டப்பிங்கை 2024 டிசம்பரிலிருந்து பரவலாக்குகிறது. அமேசான் பிரைம் 2025 மார்ச்சில் பன்னிரண்டு தலைப்புகளில் சோதனை தொடங்கியது. அதே கருவிகள் அந்தப் பக்கமும் கிடைக்கும். காலியான மொழி என்று எதுவும் இனி ஒரு வாரம்கூடக் காலியாக இருக்காது.

இப்போது மிக்ஸிங் முடிந்து மொழி வடிவங்களை ஒப்படைக்கிற நாளில் தயாரிப்பாளரின் மேலாளரிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். எல்லா மொழி ஒலியும் ஒரே பிம்பத்திலிருந்து தொடங்குகிற மாதிரி, ஒரே வேகத்தில், ஒரே வெட்டுப் பட்டியலோடு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது முதலாவது. பின்னால் யார் எந்த மொழியை வாங்கினாலும் எந்தத் தளத்திலும் அடுக்கிவிடலாம். இரண்டாவது, ஓடிடி ஒப்பந்தத்தில் மொழியைப் பிரித்து விற்றே ஆக வேண்டும் என்றால், குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகாவது எல்லாத் தடமும் எல்லாத் தளத்திலும் வரும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்பது. முதலாவதற்கு எல்லோரும் சரி என்கிறார்கள். இரண்டாவதைக் கேட்டால், "அதெல்லாம் பாம்பேல பேசுறது சார்" என்று சொல்லிவிட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பையில் வைக்கிறார்கள்.